பாஸ்கா சேடர்: கேள்விகளால் நகரும் ஓர் இரவை வீட்டில் நடத்துவது எப்படி

யூதர்களின் பாஸ்கா பண்டிகை நிசான் மாதம் 15ஆம் நாள் தொடங்குகிறது. எபிரேயத்தில் அதைப் பெசாக் என்பார்கள். யூத நாட்காட்டியில் பொழுது சாயும்போதே அடுத்த நாள் பிறந்துவிடுவதால், 14ஆம் நாள் மாலையிலேயே பண்டிகை வந்துவிடும். 2027இல் அது ஏப்ரல் 21 மாலை. அந்த இரவு வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையைச் சொல்லி, உண்டு, பாடுவதுதான் சேடர். இஸ்ரேலில் ஒரே இரவு. மற்ற நாடுகளில் பெரும்பாலும் இரண்டு இரவுகள்.

பல வீடுகளில் சமையலுக்கு ஒரு வாரம் பாடுபடுகிறார்கள். கதை சொல்லும் பகுதியைப் பற்றி மட்டும் முன்கூட்டி யாரும் யோசிப்பதில்லை. அதனால்தான் ஒன்பது மணிக்குக் குழந்தைகள் தூங்கி வழிகிறார்கள், பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டி எப்போது சாப்பாடு வரும் என்று பார்க்கிறார்கள். "அந்நாளில் உன் பிள்ளைக்குச் சொல்" என்கிறது யாத்திராகமம் 13ஆம் அதிகாரம். ஒரு பிள்ளையாவது உண்மையாகக் கேள்வி கேட்டு, ஒருவராவது தன் வார்த்தையில் பதில் சொன்னால் அந்தச் சேடர் நிறைவடைந்தது. இந்த வழிகாட்டியில் மற்ற எல்லா ஏற்பாடுகளும் அதற்காகத்தான்.

கிறிஸ்தவ வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று நாம் காணும் சேடரின் வடிவம், கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு உருவானது. அதன் முதல் தெளிவான வரைபடம், கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவின் பெசாகிம் பகுதி, 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எனவே இதை இயேசுவின் கடைசி இராவுணவின் மறுநடிப்பாக மாற்றி நடத்துவது வரலாற்றுக்கும் பொருந்தாது, யூதர்கள் பலருக்கு வருத்தமும் தரும். ஒரு யூத வீட்டின் அழைப்பை ஏற்று விருந்தினராகப் போவதே நல்லது.

வீட்டைத் தயார் செய்வது

கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடங்களுக்குள் வேகாவிட்டால் அது ஹாமெட்ஸ், அதாவது புளித்தது. பண்டிகை முழுவதும் ஹாமெட்ஸை உண்ணவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. இஸ்ரேலில் ஏழு நாள், வெளியே எட்டு நாள்.

ரொட்டி, பிஸ்கட், மைதா எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தவறுவது மற்ற இடங்களில்: பிள்ளைகளின் பள்ளிப்பை, கார் இருக்கையின் இடுக்கு, சோபா மடிப்பு, டோஸ்டரின் அடித்தட்டு. அலமாரியில் சோயா சாஸ் இருந்தால் அதில் பெரும்பாலும் கோதுமை உண்டு. பீரும் மால்ட் வினிகரும் பார்லியில் செய்தவை. இந்தியச் சமையலறையில் எல்லோரும் மறந்துபோவது கூட்டுப் பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

அரிசியும் பருப்பும் தனிக் கதை. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பு வகைகள், சோளம், எள் ஆகியவற்றைப் பல நூற்றாண்டுகளாகத் தவிர்த்து வருகிறார்கள். ஸ்பெயின் வழிவந்த செபார்டி வழக்கத்தினர் பலரும் கொச்சி யூதர்களும் மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் யூதச் சமூகத்தினரும் அரிசி சாப்பிடுவார்கள், ஆனால் தானிய மணி ஏதும் கலந்திருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பொறுக்கிப் பார்த்த பிறகே. அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூத இயக்கத்தின் சட்டக்குழு 2015இல் அஷ்கெனாசிகளும் இவற்றை உண்ணலாம் என்று அனுமதித்தது. ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் பழைய தடையே நிற்கிறது. விருந்தினர் பட்டியல் முடிவானதும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள். சாம்பார் வைத்துவிட்டு மேசையில் வந்து கேட்பது இருவருக்கும் சங்கடம்.

முந்தைய இரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீடு முழுவதும் ஹாமெட்ஸ் தேட வேண்டும். தேடலில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதற்காக, தாளில் சுற்றிய பத்து ரொட்டித் துண்டுகளை முன்பே ஒளித்து வைப்பது வழக்கம். பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். ஒளித்து வைப்பவர் பத்து இடங்களையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதாவது துண்டோடு இரவு பதினோரு மணிவரை தேடுவீர்கள். மறுநாள் காலை அவற்றை எரித்துவிட்டு, கண்ணில் பட்டதும் படாததுமான ஹாமெட்ஸ் அனைத்தும் மண்ணின் புழுதிக்குச் சமம் என்று அறிவிக்கும் அரமேய வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். எரிப்பதற்கான கடைசி நேரம் ஊருக்கு ஊர் மாறும். உள்ளூர் ஜெபாலயத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். பண்டிகை சனிக்கிழமை மாலை தொடங்கும் ஆண்டுகளில் (2025 அப்படித்தான்) தேடலை வியாழன் இரவே முடிக்க வேண்டும்.

பத்துப் பேருக்கு எவ்வளவு வாங்குவது

திராட்சரசம்: ஒவ்வொருவரும் நான்கு கிண்ணம் குடிக்க வேண்டும். ஒரு கிண்ணத்தின் குறைந்தபட்ச அளவை 86 மில்லி என்று கணக்கிடுவோரும் உண்டு, 150 மில்லி வரை கேட்போரும் உண்டு. 100 மில்லி கிண்ணம் என்றால் பத்துப் பேருக்கு 4 லிட்டர். எலியா தீர்க்கதரிசிக்காக மேசையில் வைக்கும் கிண்ணத்தையும் சேர்த்து 750 மில்லி புட்டிகள் ஆறு போதும். பெரிய கோப்பைகளை மேசையில் வைக்காதீர்கள், ஏனென்றால் கோப்பையின் பெரும்பகுதியைக் குடிப்பதுதான் கணக்கு. 250 மில்லி கோப்பையில் நான்கு முறை என்றால் ஒருவரும் தாங்க மாட்டார். குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் திராட்சைச் சாறு முழுத் தகுதி உடையது. பெனே இஸ்ரேல் வீடுகளில் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றையே பரம்பரையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

மாட்சா: புளிப்பில்லாத இந்த மெல்லிய ரொட்டியைச் சேடரில் மூன்று இடங்களில் கட்டாயம் உண்ண வேண்டும். தலைக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள். 450 கிராம் பெட்டி இரண்டு தேவைப்படும், உடைந்துபோகும் என்பதால் மூன்றாவது பெட்டி ஒன்று இருக்கட்டும். பெட்டியில் "பாஸ்காவுக்கு உகந்தது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள், ஆண்டு முழுவதும் விற்கும் மாட்சாவில் அந்த உத்தரவாதம் இருக்காது. முட்டையோ பழச்சாறோ சேர்த்த மாட்சா சேடர் கடமைக்குச் செல்லாது.

சேடர் தட்டு

தட்டில் ஆறு பொருள்கள். கசப்புக் கீரைக்கு இரண்டு இடம் உண்டு: மாரோர், ஹசெரெத். மிஷ்னா கசப்புக் கீரைகளின் பட்டியலில் முதலில் சொல்வது லெட்டூஸ் வகையைத்தான். ரோமெய்ன் லெட்டூஸின் நடுத்தண்டில் மெல்லிய கசப்பு இருக்கும். இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, உப்புநீரில் ஊறவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்து, ஈரம் போக உலர்த்தி வையுங்கள். ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு வைப்பதானால், சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் துருவுங்கள், கண் எரியும். துருவியது திறந்து கிடந்தால் ஒரு மணி நேரத்தில் காரம் ஓடிவிடும், துருவியவுடன் காற்றுப்புகாத சீசாவில் அடைத்துவிட வேண்டும். வினிகரில் ஊறிய புட்டி ஹார்ஸ்ராடிஷ் இந்தக் கடமைக்கு ஏற்றதல்ல.

முட்டையை முதலில் 10 நிமிடம் வேகவைத்து, பிறகு ஓட்டோடு அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கருக்க வேண்டும். பச்சை முட்டையை நேரே தீயில் காட்டினால் வெடிக்கும். ஆலயத்தில் பலியிட்ட ஆட்டின் நினைவாக வாட்டிய ஆட்டுக்கால் எலும்பு. கிடைக்காவிட்டால் கோழிக் கழுத்து அல்லது இறக்கை. சைவ வீடுகளில் சுட்ட பீட்ரூட் வைக்கிறார்கள். இது புதுமை அல்ல, மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ரப் ஹூனா என்ற அறிஞர் பீட்ரூட்டையும் அரிசியையும் சொல்லியிருக்கிறார். கர்பாஸ் என்பது உப்புநீரில் தோய்க்கும் காய்: பார்ஸ்லி, செலரி, அல்லது வேகவைத்த உருளைக்கிழங்கு. உப்புநீர் தட்டுக்கு வெளியே தனிக் கிண்ணத்தில். ஒரு கப் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு. கண்ணீரை நினைவூட்டும் அளவுக்குக் கரிக்க வேண்டும்.

ஆறாவது ஹரோசெத், அடிமைகள் மிதித்த களிமண்ணைக் குறிக்கும் இனிப்பு. ஐரோப்பிய வகைக்கு மூன்று ஆப்பிள், 100 கிராம் அக்ரூட், ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், இரண்டு மேசைக்கரண்டி தேன், 60 மில்லி இனிப்பான சிவப்புத் திராட்சரசம். எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலக்க வேண்டும். மிக்சியில் ஓடவிட்டால் கூழாகித் தண்ணீர் விட்டுவிடும்.

நம் ஊர்ப் பக்கத்து ஹரோசெத் பேரீச்சம்பழத்தில் செய்வது. மும்பை, கொல்கத்தாவின் பாக்தாதி யூதர்கள் இதை ஹலேக் என்பார்கள், கொச்சியிலும் பேரீச்சைதான். 500 கிராம் கொட்டை நீக்கிய பழத்தை ஒன்றேகால் லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு மசியுங்கள். பருத்தித் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்து, அந்தச் சாற்றை அடிப்பிடிக்காமல் கிண்டிச் சுண்டவிட வேண்டும். கரண்டியின் முதுகில் படிந்து நின்றவுடன் இறக்குங்கள், ஆறினால் இன்னும் இறுகும். நறுக்கிய அக்ரூட்டை மேசைக்குக் கொண்டுபோகும்போதுதான் தூவ வேண்டும், முன்பே போட்டால் நமத்துவிடும். கொட்டை ஒவ்வாமை உள்ளவர் வந்தால் அக்ரூட் இல்லாமல் ஒரு கிண்ணம் தனியே.

தட்டின் பக்கத்தில் மூன்று முழு மாட்சாக்களைத் துணியால் மூடி வையுங்கள். எலியா தீர்க்கதரிசிக்கு ஒரு கிண்ணம். பல வீடுகளில் இப்போது மோசேயின் சகோதரி மிரியாமுக்காகத் தண்ணீர்க் கிண்ணமும் வைக்கிறார்கள். யெமன் யூதர்கள் தனித்தட்டே வைப்பதில்லை, மேசை முழுவதையும் கீரைகளாலும் உணவாலும் தட்டாக்கிவிடுவார்கள்.

நேரக்கணக்கு

முதல் கிண்ணம் இருட்டிய பிறகுதான். கடைசி மாட்சாவான அஃபிகோமானை நள்ளிரவுக்குள் உண்ண வேண்டும். இங்கே நள்ளிரவு என்பது கடிகாரத்தின் 12 அல்ல, சூரிய மறைவுக்கும் உதயத்துக்கும் நடுப்புள்ளி. 7.45க்குத் தொடங்கினால் கதைப் பகுதிக்கு ஒரு மணி நேரம் போக 9.15க்குச் சாப்பாடு, 10.45க்கு அஃபிகோமான், 11.45க்குள் பாடல்கள் என்று வரும். குழந்தைகளைப் பிற்பகலில் கட்டாயம் தூங்க வையுங்கள். ஆறு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், ஆனால் மாட்சாவை அன்று பகலில் யாரும் தொடக்கூடாது, இரவில் அது புதிதாக இருக்க வேண்டும்.

பதினைந்து படிகள்

முதலாவது கதேஷ்: திராட்சரசத்தின் மேல் ஆசி சொல்லி, இடப்பக்கம் சாய்ந்து முதல் கிண்ணம். சாய்வது சுதந்திர மனிதரின் அடையாளம். நாற்காலியில் ஒரு தலையணை வைத்தால் வசதி. மாட்சா உண்ணும்போதும் நான்கு கிண்ணங்களுக்கும் சாய வேண்டும், கசப்புக் கீரைக்குச் சாயக்கூடாது. இரண்டாவது உர்ஹட்ஸ், ஆசி சொல்லாமல் கை கழுவுதல். குடமும் பாத்திரமும் மேசைக்கே வந்தால் பத்து நிமிடம் மிச்சம். மூன்றாவது கர்பாஸ், காயை உப்புநீரில் தோய்த்து ஒரு வாய். சட்டம் நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் இங்கே சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் வழக்கம் இடம் கொடுத்தால் உருளைக்கிழங்கும் கேரட்டும் தாராளமாக வையுங்கள். பசித்த வயிற்றுக்கு முன் ஒரு மணி நேரக் கதை எடுபடாது.

நான்காவது யஹட்ஸ். மூன்றில் நடு மாட்சாவை இரண்டாக உடைத்து, சிறியதைத் திரும்ப வைத்து, பெரியதைத் துணியில் சுற்றுங்கள். அதுதான் அஃபிகோமான், பெரியவர் ஒளித்து வைக்கப் பிள்ளைகள் தேடுவது ஒரு வழக்கம், பிள்ளைகள் திருடி ஒளிப்பது இன்னொன்று. பாக்தாதி வீடுகளில் ஒரு பிள்ளை அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து வரும். "எங்கிருந்து வருகிறாய்?" "எகிப்திலிருந்து." "எங்கே போகிறாய்?" "எருசலேமுக்கு." இரண்டு நிமிடக் காட்சிதான், ஆனால் மேசை முழுவதும் நிமிர்ந்து உட்காரும். எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

ஐந்தாவது மக்கீத், கதை. இதற்காகத்தான் இரவே இருக்கிறது. "இது வறுமையின் அப்பம், பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும்" என்ற அரமேய அழைப்போடு தொடங்குகிறது. இதை எல்லோருக்கும் புரியும் மொழியில் சொல்லுங்கள். இரண்டாம் கிண்ணம் நிரப்பியதும் வயதில் சிறியவர் நான்கு கேள்விகள் கேட்பார்: ஏன் இன்று மாட்சா மட்டும், ஏன் கசப்பு, ஏன் இரண்டு முறை தோய்க்கிறோம், ஏன் சாய்ந்திருக்கிறோம்? பிள்ளை பாடி முடித்ததும் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதுதான் எங்கும் நடக்கும் பிழை. அங்கே நிறுத்தி, "இவளுக்கு யார் பதில் சொல்வீர்கள்?" என்று மேசையைக் கேளுங்கள். ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கேள்வி வர வேண்டும் என்பதற்காகவே மரபு சில விசித்திரங்களை வைத்திருக்கிறது. தல்மூதில், சாப்பிடும் முன்பே மேசையை அகற்றிவிட, சிறுவன் திகைத்துக் காரணம் கேட்ட கதை உண்டு.

பிறகு நான்கு பிள்ளைகள்: ஞானமுள்ளவன், பொல்லாதவன், எளியவன், கேட்கத் தெரியாதவன். இதை வாசித்துவிட்டுப் போகாமல் நால்வரிடம் பாத்திரமாகக் கொடுங்கள். பொல்லாதவன் பாத்திரத்தை ஒரு பதின்பருவப் பிள்ளைக்குக் கொடுத்தால் உண்மையான வாதம் கிளம்பும்.

அடுத்து உபாகமம் 26:5-8 வசனங்களின் விளக்கவுரை. சேடரில் வாசிக்கும் ஹகாடா நூலில் மிக நீளமான, மேசை களைத்துப்போகும் பகுதி இது. சேடரை நடத்துபவர் முந்தைய நாளே பென்சிலோடு உட்கார்ந்து, எதை முழுதாக வாசிப்பது, எங்கே பேச்சுக்கு நிறுத்துவது என்று குறித்துவிட வேண்டும். முழு உரையையும் வாசிப்பது உங்கள் வழக்கம் என்றால் பத்திகளைப் பங்கிட்டுக் கொடுங்கள். விருந்தினருக்கு ஒரு வாரம் முன்பே ஒரு கேள்வி அனுப்பலாம்: "நீ விட்டு வந்த இடம் எது?", "உன் வீட்டில் விடுதலைக்கு யார் விலை கொடுத்தார்கள்?" பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தாவைப் பற்றியோ யாழ்ப்பாணத்தைவிட்டு வந்த அத்தையைப் பற்றியோ மேசையில் ஒருவர் சொல்லத் தொடங்கினால் தடுக்காதீர்கள். "ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதர் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாகத் தம்மைக் காண வேண்டும்" என்று அதே மக்கீத்தில் வருகிறது.

எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சரசத்தை விரலால் கிண்ணத்திலிருந்து தட்டில் விடுங்கள். எகிப்தியர் பட்ட துயரத்தால் நம் மகிழ்ச்சி குறைகிறது என்பது பலரும் சொல்லும் விளக்கம். முன்னும் பின்னும் வரும் மும்மூன்று சொற்களையும் சேர்த்தால் பதினாறு துளிகள். ஆளுக்கொரு சிறு தட்டு இல்லாவிட்டால் மேசைவிரிப்பு கறைபடும். பிறகு "அதுவே நமக்குப் போதும்" என்று பொருள்படும் தயேனு பாடல். பாரசீக, ஆப்கன் யூத வீடுகளில் அந்தப் பாட்டின்போது வெங்காயத்தாளால் ஒருவரையொருவர் செல்லமாக அடித்துக்கொள்வார்கள். கண் சொருகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை, ஒருகட்டு வாங்கி வையுங்கள். முடிக்கும் முன் பலியாடு, மாட்சா, மாரோர் மூன்றையும் கட்டாயம் விளக்க வேண்டும். அவற்றைச் சொல்லாதவர் கடமையை நிறைவேற்றவில்லை என்றார் பண்டைய யூத அறிஞர் ரபான் கமலியேல். சங்கீதம் 113, 114, இரண்டாம் கிண்ணம்.

ஆறிலிருந்து பத்து வரை வேகமாக நகரும். ரஹ்ட்ஸா: இம்முறை ஆசியோடு கை கழுவி, மாட்சா வாயில் படும்வரை பேசக்கூடாது. மோட்சி, மாட்சா: இரண்டு ஆசிகள் சொல்லி மாட்சாவை உண்பது. தலைவரின் மூன்று மாட்சா பத்துப் பேருக்குப் போதாது. ஆளுக்கு அரை மாட்சாவுக்குக் குறையாமல் முன்கூட்டியே எடுத்துப் பையில் போட்டு வைத்தால் அந்த நேரத்துத் தடுமாற்றம் இருக்காது. இடைவிடாமல், சில நிமிடங்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும், நன்றாக மெல்லச் சொல்லுங்கள். மாரோர்: கீரையை ஹரோசெத்தில் தோய்த்து, ஒட்டியதை உதறிவிட்டு உண்ண வேண்டும். துருவிய ஹார்ஸ்ராடிஷை முழு அளவு ஒரே வாயில் தின்பது வீரம் அல்ல, மூச்சடைக்கும். இரண்டு பெரிய லெட்டூஸ் இலைகள் போதும். கோரேக்: கீழ் மாட்சாவில் மாரோரை வைத்து மடித்து உண்பது, ஆலயம் இருந்த காலத்து அறிஞர் ஹில்லெல் செய்தது போல.

பதினொன்றாவது ஷுல்ஹான் ஓரேக், சாப்பாடு. பலரும் உப்புநீரில் வேகவைத்த முட்டையோடு தொடங்குவார்கள். அஷ்கெனாசி வீட்டில் அடுத்தது மாட்சா உருண்டை சூப். நான்கு முட்டை, 120 கிராம் மாட்சா மாவு (பொடித்த மாட்சா), 60 மில்லி எண்ணெய், 60 மில்லி சூப் நீர், ஒரு தேக்கரண்டி உப்பு. கலந்து ஒரு மணி நேரம் குளிர்ச்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரக்கையால் அழுத்தாமல் உருட்டி, மெல்லக் கொதிக்கும் உப்புநீரில் மூடி போட்டு 35 நிமிடம். அழுத்தி உருட்டினால் கல்லாகிவிடும். அந்த இரவில் சுட்ட இறைச்சி தவிர்ப்பது பல வீடுகளின் வழக்கம். குழம்பில் மெதுவாக வெந்த இறைச்சி நேரம் தவறினாலும் கெடாது என்பதால் அதுவே உகந்தது. வயிறு முட்டப் பரிமாறாதீர்கள், அஃபிகோமானுக்கு இடம் வேண்டும்.

பன்னிரண்டு, ட்சாஃபூன். ஒளித்ததைப் பிள்ளைகள் பரிசு பேரம் பேசி ஒப்படைக்க, எல்லோரும் ஒரு துண்டு உண்பார்கள். பண்டிகை நாளில் பணத்தைக் கையாளாத வீடுகளில் வாக்குறுதி மட்டும் கொடுப்பார்கள், அதைப் பிறகு காப்பாற்றுங்கள். இதற்குப் பின் தண்ணீரும் மீதிக் கிண்ணங்களும் தவிர வேறெதுவும் உண்ணக்கூடாது, அதனால் இனிப்பு வகைகளை முன்பே பரிமாறிவிட வேண்டும். பதின்மூன்று, பாரேக்: உணவுக்குப் பின் நன்றி, மூன்றாம் கிண்ணம், எலியாவுக்காகக் கதவைத் திறப்பது, கதவுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். பதினான்கு ஹல்லெல், துதிப்பாடல்கள், நான்காம் கிண்ணம். பதினைந்து நிர்ட்சா: "அடுத்த ஆண்டு எருசலேமில்" என்று சொல்லி, பிறகு எண்ணிக்கைப் பாட்டும் ஆட்டுக்குட்டிப் பாட்டும். இங்கே யாராவது விழித்திருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாடலாம்.

விருந்தினராகப் போகிறீர்களா

கேக், பிஸ்கட், வீட்டில் செய்த பலகாரம் எதுவும் வேண்டாம். பாஸ்காவுக்கு உகந்தது என்று முத்திரையிட்ட, பிரிக்காத திராட்சரசம் அல்லது முழுப் பழங்கள் கொண்டுபோகலாம். பூக்கள் என்றால் பொழுது சாயுமுன் கொடுத்து அனுப்புங்கள். "ஹாக் சமேயாக்" என்று வாழ்த்துங்கள். இரவு நீளும், கடைசி ரயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் கைபேசியில் படம் எடுக்காதீர்கள், ஆசாரமான வீடுகளில் அன்று மின்கருவிகளைத் தொடமாட்டார்கள்.

இரண்டாவது சேடர் வைக்கும் வீடுகளில், முதல் இரவின் பாத்திரங்களைக் கழுவி அடுக்குவதோ அடுத்த மேசையை விரிப்பதோ மறுநாள் இருட்டிய பிறகுதான். ஆகவே லெட்டூஸ், முட்டை, உப்புநீர், ஹரோசெத் எல்லாவற்றையும் முதல் இரவுக்கு முன்பே இரண்டு பங்காகச் செய்து வைத்துவிடுங்கள். அந்த இரண்டாம் இரவிலிருந்து, அடுத்த பண்டிகையான ஷாவுவோத் வரை நாள்களை எண்ணும் ஓமர் எண்ணிக்கையும் தொடங்கும், 49 நாள்கள்.